திரையில் தம்பி வாய் திறந்தபோது

என் தம்பி முதல் படத்தில் நடித்தபோது, கேமரா முன்னால் பேசியதெல்லாம் அப்படியே படத்தில் வரும் என்று நம்பினான். நாங்களும் நம்பினோம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் சினிமா பார்க்காதவர் கிடையாது. அதை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தவரும் கிடையாது.

அதற்கு முன் அவன் ராப் பாடிக்கொண்டிருந்தான். தொண்ணூறுகளின் கடைசி. பாரிமுனையில் வாங்கிய வெளிநாட்டு கேசட்டுகளைக் கேட்டு, வார்த்தை புரியாமல் வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டான். அந்த வேகத்தில் எங்கள் வடசென்னைப் பேச்சை ஓட்டினான். கன்டெய்னர் லாரி, குழாயடிச் சண்டை, மணலி ஆலைகளிலிருந்து காற்றில் வரும் நாற்றம் எல்லாம் அவன் பாட்டில் வரும். மெல்லிசைக் கச்சேரிகளில் இரண்டு பாட்டுக்கு நடுவே ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். போகப்போக அந்த ஐந்து நிமிடத்துக்காகவே ஆட்கள் வந்தார்கள். ஒரு சினிமாப் பாட்டின் நடுவிலும் எட்டு வரி பாடினான். கேசட் அட்டையில் பெயர் போடவில்லை. ஆனாலும் டீக்கடையில் அந்தப் பாட்டு வந்தால், மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்.

நான் பத்தாவது வரை படித்தவள். துறைமுக வேலையில் எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், கையில் மூன்று விரல் போன பிறகு, ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அவர் பெயருக்கு ஒரு டெலிபோன் பூத் கிடைத்தது. அதில் நான் உட்கார்ந்தேன். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சு காதில் விழும். எனக்குப் பேச வராது. "லைன் கிடைக்கல", "இன்னொரு தரம் போட்டுப் பாருங்க", இவ்வளவுதான். தம்பியைத் தேடி வரும் போன்களும் அந்த நம்பருக்குத்தான் வரும்.

முதல் படத்தில் வில்லனின் அடியாள் வேடம், மூன்று காட்சி. வெளியான அன்று தெருவே பகல் காட்சிக்குப் போனது. திரையில் தம்பி வந்ததும் விசில் காதைப் பிளந்தது. அவன் வாயைத் திறந்தான். வந்தது வேறு யாருடைய குரலோ! தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு, எங்கள் பேச்சைக் கேலி செய்கிறவர்கள் இழுப்பார்களே, அப்படி ஒரு இழுப்பு.

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய் மாமு, தொண்டைல இன்னாடா, மீன் முள்ளு மாட்டிக்கிச்சா?"

கொட்டகை சிரித்தது. தம்பியும் சிரித்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது நைனா கேட்டார்: "மூஞ்சி உன்னுது. வாய் யாருதுடா?"

படம் எடுத்து முடித்த பிறகு தனியாகக் குரல் சேர்ப்பார்கள், அதற்கு டப்பிங் என்று பெயர், அதற்கு அவனைக் கூப்பிடவே இல்லை என்பதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த கச்சேரியில், "அந்த முள்ளுத் தொண்டைல பாடு மாமு" என்று கீழேயிருந்து கத்தினார்கள். ஐந்து நிமிடத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்கினான். அதன் பிறகு கச்சேரிக்கே போகவில்லை. பகலில் லேத் பட்டறை, வேலை முடிந்தால் வீடு.

சில மாதம் கழித்து ஒரு மதியம், இன்னொரு படக் கம்பெனியின் மேனேஜர் பூத்துக்குப் போன் செய்தார். கதாநாயகனின் நண்பன் வேடம், படம் முழுக்க வரும், பத்து நாள் ஷூட்டிங் என்றார். தம்பி பட்டறையில் இருந்தான். நான் அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்று ரிசீவரை வைத்திருக்கலாம்.

"சார், அவன் குரல் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் டப்பிங் ஆர்ட்டிஸ்ட் பாத்துப்பாங்கம்மா. அவரை வரச் சொல்லுங்க."

"அவன் குரல் இல்லன்னா அவன் வரமாட்டான் சார்."

தம்பி அப்படிச் சொல்லச் சொல்லவே இல்லை. "சரிம்மா" என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

சாயந்திரம் சொன்னேன். நைனா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். "சினிமாக்காரனுக்கே கண்டிசன் போட்டுக்கிறா! பூத்துல குந்திக்கினு ஒரு வார்த்த பேசாது, இப்ப பேசிக்கீது பாரு!"

தம்பி என்னையே பார்த்தான். "நீயா யக்கா பேசுன? நெசமாவா?" என்று சிரித்தான். பிறகு முகம் மாறியது. "போனா போவட்டும் யக்கா" என்றான். போகட்டும் என்கிற முகமாக அது இல்லை.

நான்கு நாள் போன் வரவில்லை. எந்தப் போன் வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்தேன். ஐந்தாம் நாள் மேனேஜர் பேசினார். "டைரக்டர் ஒத்துக்கிட்டாரும்மா. ஷூட்டிங் முடிஞ்சதும் ஒரு நாள் பேசிப் பாக்கட்டும். சரியா வரலைன்னா வேற ஆள்தான். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

ஷூட்டிங் முடிந்து, டப்பிங் நாள் வந்தது. "நீதான கேட்ட, நீயே வா" என்று தம்பி என்னையும் இழுத்துக்கொண்டு போனான். நைனா பூத்தைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பஸ் மாறி வடபழனி போனோம். இருட்டான அறை, முன்னால் திரை, ஒரு மைக். சின்னத் துண்டுக் காட்சி திரும்பத் திரும்ப ஓடும். வாய் அசையும் அதே நேரத்தில் பேச வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் டைரக்டரும் ஒலிப்பதிவாளரும். அவர்களுக்குப் பின்னால் ஓரமாக நான். வராந்தாவில் வேறொரு டப்பிங் ஆர்ட்டிஸ்ட் தயாராக உட்கார்ந்திருந்தார்.

தம்பி பேசினான். சேரவில்லை. மறுபடியும் சேரவில்லை. பயத்தில் அவன் "என்ன", "இருக்கிறது" என்று, ஆபீசருக்கு மனு கொடுக்கும்போது பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தான். ஷூட்டிங்கில் எங்கள் பேச்சில் பேசியிருந்ததால், திரையில் வாய் 'கீது' என்று மூடிவிடும். இவன் 'இருக்கிறது' என்று பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பான். உதவி இயக்குநர் டைரக்டரிடம் குனிந்து, "வெளிய இருக்கறவரைக் கூப்பிடவா சார்?" என்று கேட்டார்.

அங்கே மைக் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் உள்ளே கேட்கும் என்பதைக் கவனித்து வைத்திருந்தேன். யாரையும் கேட்காமல் அழுத்தினேன்.

"டேய், நம்ம வூட்ல பேசற மாதிரி பேசேன்டா!"

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். நான் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். உள்ளே தம்பி சிரித்துவிட்டான். மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்து விட்டான். "இன்னா தோஸ்து, வூட்டாண்ட வந்துட்டு உள்ள வராம போறியே" என்றான். திரையில் உதடும் குரலும் ஒன்றாக மூடின. அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு, எல்லாம் ஒரே தடவையில். இரண்டு நாள் இழுக்கும் என்று நினைத்த வேலை அன்று மாலைக்குள் முடிந்தது.

ஒலிப்பதிவாளர் வெளியே வந்து, "இத எங்க கத்துக்கிட்டப்பா?" என்றார்.

"ராப்பு பாடறவன் சார். எந்த எடத்துல மூச்சு வுடணும்னு தெரியும்."

வராந்தாவில் இருந்தவர் பையை எடுத்துக்கொண்டு, தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

படம் வந்தது. இந்த முறை தம்பி வாய் திறந்ததும் கொட்டகை ஒரு நொடி அமைதியானது. பிறகு எழுந்த சத்தத்தில் அடுத்த வசனம் கேட்கவில்லை. அந்த ஒரு நொடியை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன். அதன் பிறகு அவன் கச்சேரிக்கும் திரும்பினான், படங்களும் வந்தன.

வேறொரு வகைப் போனும் வர ஆரம்பித்தது. எங்கள் பேச்சு வராத நடிகர்களுக்குக் குரல் கொடுக்க அவனைக் கேட்டார்கள். முதல் முறை நான் அவனிடம் சொன்னபோது, அவன் சாப்பாட்டில் கை வைத்தபடி யோசித்தான்.

"அந்த நடிகரு ஒரு தபா பேசிப் பாத்தாரான்னு கேளு யக்கா. அவரால முடியலன்னாதான் நான் வருவேன்."

மறுநாள் நானே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். பூத்தில் ஆள் நின்றிருந்தும், எல்லோருக்கும் கேட்கும்படியே அதைக் கேட்டேன்.