ஏழாம் புட்டியின் நாணல்

காலை 6.10. லோதி ரோடு குடியிருப்பின் இரண்டாவது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்டோபர் சனிக்கிழமை, அரைக்கை ஸ்வெட்டர் போதுமான குளிர். ஏற்றியவை: ஐஸ் பெட்டி ஒன்று, ரப்பர் மூடியிட்ட கண்ணாடிப் புட்டிகள் ஆறு, நைட்ரஜன் நிரப்பிய சிறு உருளை ஒன்று, கைக்கரண்டி ஒன்று, என் பழைய குறிப்பேடு. யமுனை தில்லிக்குள் நுழையும் பல்லா கிராமம் வரை 38 கி.மீ. காத்திருப்பும் சேர்த்துப் போகவர 1,300 ரூபாய்.

ஓட்டுநர் செல்வத்தின் பெற்றோர் கள்ளக்குறிச்சிக்காரர்கள். அவர் பிறந்தது ஜங்புராவில், நாலா எனப்படும் சாக்கடைக் கால்வாயோரத்து மதராசி கேம்ப் குடிசைகளில்; இப்போது இருப்பது நரேலாவில். "பல்லாவா சார்? அச்சா, என் வீட்டுக்குக் கிட்டதான். சேறு அள்ளவா இவ்ளோ தூரம்? ஜங்புரா நாலால இல்லாத சேறா?"

"அந்தச் சேறு வேற ஆளுங்க வீடு தம்பி" என்றார் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா என் அடுத்த வீட்டுக்காரர்; ஊர் தூத்துக்குடி, தொழில் நுண்ணுயிர் ஆய்வு. ஒரு பிடி மண்ணில் வாழும் நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்தில் என்ன ஊட்டினாலும் வளர்வதில்லை. அவற்றைப் பழக்கி வளர்ப்பதே அவர் வேலை. மார்ச்சில் பத்துப் புட்டிகளில் நாணல் வேர் கொண்டுவந்தோம். புட்டிகளுக்குச் சீட்டு எழுத நல்ல கையெழுத்து வேண்டும் என்று என்னையும் அழைத்துப்போயிருந்தார். ஒன்பது சும்மா கிடந்தன. ஏழாம் புட்டியில் மட்டும் ஓர் ஆர்க்கியா வளர்ந்தது. பார்வைக்கு பாக்டீரியா போல இருந்தாலும் ஆர்க்கியா தனிக் குலம். ஏழாம் புட்டியில் வளர்ந்த இனத்துக்குக் காற்று பட்டால் சாவு. ஜூனில் மூடி தளர்ந்து காற்று புகுந்தது. எட்டு வாரப் பயிர் ஓர் இரவில் போயிற்று.

"வர்ற மார்ச்சோட எனக்கு இந்த வேலை முடியுது அண்ணாச்சி. அதுக்குள்ள ஏழு திரும்ப வரணும். வந்தா இன்னும் ரெண்டு வருசத்துக்கு வேலைய நீட்டிக்கக் கேக்கலாம். இல்லைன்னா தூத்துக்குடிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்."

"வரும்" என்றேன். குறிப்பேடு கையில் இருந்ததால் சொன்னேன்.

7.45. பல்லாவுக்கு முந்திய சாலைக் கடையில் தேநீர், மூன்று கோப்பை 45 ரூபாய். 8.20க்கு ஆற்றங்கரை. மழைக்கால வெள்ளம் கரையை மாற்றிவிட்டிருந்தது. கைபேசி வரைபடத்தின் புள்ளி ஒரு தடவை நிலத்திலும் மறு தடவை தண்ணீரிலும் நின்றது. நான் மார்ச் மாதப் பக்கத்தைத் திறந்தேன்: 'புட்டி 7. பம்ப் அறையின் வடக்கு மூலையிலிருந்து ஆற்றை நோக்கி 212 அடிவைப்பு, இடப்பக்கம் 40.' அன்று அணிந்த செருப்பையே இன்றும் அணிந்திருந்தேன். எண்ணி நடந்தேன். 212, பிறகு 40. ஒரு நாணல் தூறு. அதற்கு முன்னால் இருந்தவற்றை ஆறு கொண்டுபோயிருந்தது. இதற்கும் தண்ணீருக்கும் இரண்டடி இடைவெளி.

ஸ்டெல்லா மண்டியிட்டுத் தோண்டினார். அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. "இந்த நாத்தம்தான்!" என்று சிரித்தார். அவர் வழக்கப்படி தூறில் பாதியைத்தான் வெட்டினார். மறுபாதி அந்த இடத்துக்கு. வேர்களை என் கையில் கொடுத்துவிட்டு உருளையின் குழாயை மாட்டத் திரும்பினார்.

இனி நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். வேர்களில் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. சேறு பட்ட புட்டியில் சீட்டு ஒட்டாது. மார்ச்சில் அடிகளை எண்ணிக் குறித்ததும் ஆட்டோவுக்குத் திரும்பி உட்கார்ந்து சீட்டு எழுதினேனே தவிர, வேரை எடுப்பதைப் பார்த்ததில்லை. குனிந்து, வேர்களை ஆற்று நீரில் வெள்ளையாகும்வரை அலசினேன்.

ஸ்டெல்லா திரும்பினார். "என்ன அண்ணாச்சி, கழுவிட்டியளா? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். இரண்டு தடவை."

"நமக்கு வேணும்கிறது அந்தச் சேத்துலதானே இருக்கு!"

"இன்னா சார்" என்றார் செல்வம். "மண்டிக் கீரை மாதிரி அலசிட்டீங்களே!"

ஸ்டெல்லா கரண்டியோடு மறுபாதியின் முன்னால் மண்டியிட்டார். அதையும் எடுத்துவிட்டால் இன்னொரு முறை வர இடமே இருக்காது. எடுக்காவிட்டால் இந்த முறையே இல்லை.

"பாதில பாதி" என்றார் கடைசியில். "ரெண்டு புட்டிக்குத்தான் காணும்."

இம்முறை சேற்றோடு வாங்கி, உள்ளங்கைகளைக் குவித்து மூடிக்கொண்டேன். காற்று புகாதிருக்க அவர் நைட்ரஜனை ஊதியபடியே புட்டியைத் திறக்க, வேரை உள்ளே விட்டேன். மூடி இறுகியது. புட்டிக்குள் இருக்கும் திரவத்தில் ஒரு சாயம் உண்டு: காற்று புகுந்தால் இளஞ்சிவப்பு, காற்று தீர்ந்தால் நிறமில்லை. இரண்டு புட்டிகளும் சிவந்தன.

"மூடுற நேரத்துல கொஞ்சம் புகத்தான் செய்யும். மூடி சரியா இருந்து, சேறும் உயிரோட இருந்தா, தானே தின்னுரும்" என்றார் ஸ்டெல்லா. நான்கு வெற்றுப் புட்டிகள் பெட்டிக்குத் திரும்பின.

10.05க்குப் புறப்பாடு. வழியில் மஜ்னு கா டீலாவில் நெரிசல், 35 நிமிடம். ஒவ்வொரு கால் மணிக்கும் பெட்டியைத் திறந்து பார்த்து எழுதினேன். 10.20: இரண்டும் சிவப்பு. 10.35: இரண்டும் சிவப்பு. 10.50: முதலாவது சற்று வெளிறல். 11.05: முதலாவதில் நிறமில்லை. இரண்டாவது கடைசிவரை சிவப்பாகவே இருந்தது.

"ஒண்ணு போதும்" என்றார் ஸ்டெல்லா. "போன தடவையும் ஒண்ணுதான். ஜனவரில தெரிஞ்சிரும். சீட்டு எழுதுங்க அண்ணாச்சி."

'7' என்று எழுதினேன். சேறு பட்ட கண்ணாடியில் சீட்டு ஒட்டவில்லை, நூலால் கட்டினேன்.

லோதி ரோட்டில் இறங்கியபோது மணி 11.50. எங்கள் குடியிருப்பில் நடைபாதையைக்கூடக் கழுவிவிடுவார்கள். கழுவச் சொல்லிப் புகார் எழுதுகிறவன் நான்தான். வீட்டுக் குழாயடியில் நின்று நகங்களுக்குள் இருந்த கறுப்பைப் பார்த்தேன். குழாயைத் திறக்கவில்லை. முதலில் குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்: '212, பிறகு இடப்பக்கம் 40. தூறில் கால் பங்கு மீதி. கழுவக் கூடாது.'