சுபைறாவின் மூக்கு

மூட்டையின் வாயில் தெரியும் நெல்லைச் சுபைறா பார்ப்பதே இல்லை. முழங்கை மறையும்வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூக்குக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். நாவிதன்வெளியிலிருந்து நெல் ஏற்றி வந்தவன் அதுவரை வாய் திறக்காமல் நிற்க வேண்டும். "மேல வெயிலு, கீழ மழை. கொண்டு போ மனே" என்றால் மூட்டை திரும்பவும் வண்டியில் ஏறும்.

நெல் அவித்துக் காயவைத்து, குத்துவித்து அரிசியாக விற்பது அவள் தொழில். தொழிலில் பழகிய சந்தேகம் தொழிலோடு நின்றுவிடவில்லை. மீன்காரனைச் செவுள் திறந்து காட்டச் சொல்வாள். உடனே காட்டிவிட்டால், ஏன் இவ்வளவு சுறுக்காகக் காட்டுகிறான் என்று யோசிப்பாள். கல்முனைக் கடைகளில் சேலையை விரித்தால் நடு மடிப்பைத்தான் முதலில் பார்ப்பாள். "மனிசன் நல்லதத்தானே மேல வெப்பான்" என்பது அவள் கொள்கை.

சூறாவளிக்குப் பிறகு வந்த மாரி முடிந்ததும் அந்தச் சந்தேகம் வீடுகளின் மேல் திரும்பியது. மகள் ஸகியாவுக்கு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஊரில் விலைக்குக் கிடந்தவையோ, சூறாவளியில் கூரை பறந்து, சுவர் ஊறி, பிறகு ஓடு மாற்றிச் சுண்ணாம்பு அடித்த வீடுகள். ஸகியாவுக்குச் சிறு வயதிலிருந்தே முட்டு வருத்தம். பூஞ்சணம் பிடித்த துணியை உதறினாலே அவள் மூச்சு விசிலடிக்கும். மாப்பிள்ளை காலையில் கடைக்குப் போய்விடுவான். நாள் முழுக்க அந்தச் சுவர்களுக்குள் மூச்சுவிட வேண்டியவள் அவள்தான்.

அதனால் சுபைறா பின்னேரத்து அசர் தொழுகைக்கு வாங்கு சொல்லும் நேரம் பார்த்துத்தான் வீடு பார்க்கப் போவாள். விலையைக் கேட்பதில்லை. "தொழ ஒரு எடம் தாங்க" என்பாள். தொழ இடம் கேட்கும் பெண்ணிடம் 'இல்லை' என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்கள் நடமாடும் முன்னறையில் பாய் விரிக்கவும் முடியாது. உள்ளறை தானாகத் திறக்கும். குனிந்தால் மூக்கு சுவரின் அடியில் இருக்கும்.

கணவரின் தங்கை ஹவ்வா உம்மா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "தொழுகைக்குள்ள மூக்கால வேல பாக்கிறீங்களா மச்சி? அல்லாட்ட என்னத்தச் செல்லுவீங்க?"

"தொழுகை தொழுகைதான் புள்ள. சலாம் குடுத்துத் தொழுகைய முடிச்ச பொறகு இன்னொருக்காக் குனியிற. அது சும்மா மூக்கு."

அந்தச் சும்மா மூக்கு ஊரில் பாதி வீடுகளைக் கழித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வேறிடம் பார்க்கப்போவதாகக் கதை அடிபட்டது. "ஒன்ட மூக்க அறுத்தாத்தான் புள்ளையக் கட்டிக் குடுக்கலாம். இந்த ஊடும் சரிவராட்டி மாப்புள இல்ல, தெரிஞ்சிக்க" என்று சொல்லித்தான் கணவர் அச்சிமுகம்மது அவளை மீராசாஹிபின் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

படியேறும்போதே சாம்பிராணிப் புகை எதிர்கொண்டது. வியாழன் பின்னேரம் என்றால் எல்லா வீட்டிலும் புகையும். அன்றைக்குத் திங்கள்.

"என்ன காக்கா, இண்டைக்கு விசேசம்?"

"நீங்க வாறீங்க எலுவா தங்கச்சி, அதான் விசேசம்" என்று மீராசாஹிபு சிரித்தார். அச்சிமுகம்மது மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்தார்.

உள்ளறையில், தொழும் திசையான கிப்லாப் பக்கத்துச் சுவரை மறைத்துக்கொண்டு ஓர் அல்மாரி நின்றது. அதன் கதவில் ஆள் உயரக் கண்ணாடி.

"கண்ணாடிக்கு முன்னால எப்பிடித் தொழுற காக்கா? என்ட மூஞ்சிக்கே தொழுற மாதிரி எலுவா இரிக்கும். கொஞ்சம் நகத்தித் தாங்களன்."

"அதுக்கென்னத்துக்கு நகத்துற?" மீராசாஹிபு ஒரு படுக்கை விரிப்பை எடுத்துக் கண்ணாடியின் மேல் போர்த்தினார். விரிப்பு கதவோரம் கைக்கெட்டும் இடத்திலேயே மடித்து வைத்திருந்ததைச் சுபைறா கவனித்தாள்.

தொழுதாள். சலாம் கொடுத்தாள். மறுபடி குனிந்தாள். சாம்பிராணி வந்தது. அதற்கு அடியில் சுண்ணாம்பு. அதற்கும் அடியில் ஏதோ ஒன்று கிடந்தது; என்ன என்று பிடிபடவில்லை. இத்தனை வீடுகளில் மூக்கு அவளைக் கைவிட்டது இதுதான் முதல் தடவை.

வெளியே கோப்பைகள் வைக்கும் சத்தம் கேட்டது. "சரி காக்கா, அப்ப இதையே முடிப்பம்" என்றது அச்சிமுகம்மதின் குரல். "இஞ்சருகா, தொழுது முடியலியா? தேத்தண்ணி ஆறுது."

சுபைறா எழும்பவில்லை. அல்மாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது. நெல்மூட்டைக்குள் விடுவதுபோல், முழங்கை மறையும்வரை கையை அதற்குள் விட்டாள்.

முன்னறைக்கு வந்தபோது மீராசாஹிபு கோப்பையை நீட்டினார். "மனசுக்குப் புடிச்சா தங்கச்சி?"

அவள் கோப்பையை வாங்கவில்லை. வாசலோரம், புதுச் சுண்ணாம்பு வெள்ளைவெளேரென்று இருந்த சுவரில், கரும்பச்சைப் பூஞ்சணம் ஒட்டிய நாலு விரல்களையும் மேலிருந்து கீழாக இழுத்துத் துடைத்தாள்.