கட்டில் இல்லாத மேடை

படுக்கை விரிப்பை உதறிப் போடுவது எங்கள் வீட்டில் என் வேலை. ஆசைப்பட்டு ஏற்றதல்ல, தண்டனை. மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் பயிற்சியை நான் கட்டிலை ஒட்டி நின்றுதான் செய்வேன். தவறும் பந்து மெத்தையில் விழும். அலமாரிக்கு அடியில் கைவிட்டுத் துழாவ வேண்டாம். "கசக்குறவர்தான் சரி பண்ணணும்" என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு 'ஊசியண்ணன்' என்று பெயர். எந்தக் கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவேன். அதே கைதான் வீட்டுக்கு வந்ததும் பந்தை விட்டுவிட்டுக் காற்றைப் பிடிக்கும்.

சாதாரணமாக வீசுவது எப்படியோ படிந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். அடுத்த கட்டத்துக்கு ஆசைப்பட்டேன். தொடைக்கு அடியில் விட்டு எடுப்பது, முதுகுக்குப் பின்னாலிருந்து வீசித் தோளுக்கு மேலே வரவழைப்பது. முதலாவதில் பேன்ட் தையல் விட்டது. இரண்டாவதில் என் பின்மண்டை எவ்வளவு அகலம் என்று தெரிந்தது. ஒருவழியாக இரண்டும் கைக்கு வந்தன. வந்த மிதப்பில், நிலையத்தின் ஆண்டு விழாவில் செய்து காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். மறுநாள் பெயர் கொடுத்தாக வேண்டும். மேடையில் சொதப்பினால் அப்புறம் நான் ஊசியை எடுத்தாலே சிரிப்பார்கள். அன்று ராத்திரி மனைவியிடம் போய் நின்றேன்.

"கொஞ்சம் திரும்பிப் பாரேன். நீ சரின்னு சொன்னா பேரு கொடுக்கறேன்."

"அதான் தினமும் பாக்கறேனே."

"மேடையில கட்டில் போட மாட்டாங்கடி. ஹால்ல செய்றேன், பாரு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டோடு திரும்பி உட்கார்ந்தாள். வாசற்கதவில் முதுகு பட நின்று ஆரம்பித்தேன். ஒரு பந்து சற்று முன்னால் போனது. பிடிக்க ஓரடி வைத்தேன். அடுத்தது இன்னும் முன்னால் போனது. இத்தனை நாளும் என் முழங்காலை முட்டி நிறுத்தி வைத்திருந்தது கட்டில் சட்டம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நிறுத்தவும் மனமில்லை. அவள் காலால் நாற்காலியை ஒதுக்கி வழிவிட்டாள். தொடை வித்தை மேஜையருகே நடந்தது. முதுகு வித்தை முடிந்தபோது என் மூக்கு ஃபிரிட்ஜில் இடித்தது.

"ஒண்ணுகூட விழல, பாத்தியா?"

"விழலங்க. நீங்கதான் ஊர்வலம் போயிட்டீங்க. முன் வரிசையில யாரு உக்காருவாங்க?"

"டாக்டருங்க."

"அப்ப அவங்க மடியிலதான் போய் முடியும்."

"கிண்டலை விடு. பேரு கொடுக்கட்டுமா, வேண்டாமா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். உதடு கோணியது. சட்டென்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அங்கே வெடித்தது.