லாசாலுக்குப் போன இருபதாம் தொகுதி

ஜூன் 28, சனிக்கிழமை. காலை 9.40க்கு மாண்ட்ரியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலுள்ள மகள் வீட்டிலிருந்து கிளம்பினேன். தோள்பையில் ஒரே ஒரு ஜெர்மன் புத்தகம். எடை இரண்டு கிலோ எண்ணூறு கிராம். அதற்கு இடம் வேண்டுமென்று மகளுக்கு வாங்கிய முறுக்கையும் ஊறுகாயையும் சென்னையிலேயே விட்டு வந்துவிட்டேன். அவள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

புத்தகம் சிவநேசனுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், ஊரின் மறுகோடியில் லாசாலில் இருந்துகொண்டு டாக்சி ஓட்டுகிறார். போன முறை வந்தபோது கோயில் சாப்பாட்டு வரிசையில் பழக்கமானார். கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் அகராதி, கலைக்களஞ்சியப் பிரிவைப் பார்த்தவள் நான் என்றதும், தட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கனடாவுக்கு வருமுன் அவர் ஜெர்மனியில் ஒரு பழைய கலைக்களஞ்சியப் பதிப்பகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். புதுத் தொகுதி வெளிவரும் அன்று வேலையாட்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுப்பது அங்கே வழக்கம். மொத்தம் இருபதில் பத்தொன்பது வாங்கிவிட்டார். கடைசியான இருபதாவது அச்சில் இருந்தபோது கனடா விசா வந்துவிட்டது.

மாண்ட்ரியலில் ஜூலை முதல் தேதி பாதி ஊர் வீடு மாறும், வேண்டாததை நடைபாதையில் போட்டுவிட்டுப் போகும். இந்த வருடம் அவர்களும் மாறுகிறார்கள், மூன்றாம் மாடிக்கு. இருபதும் இருந்தால் புத்தகங்கள் புது வீட்டுக்கு வரும், இல்லாவிட்டால் நடைபாதைக்குப் போகும் என்று மனைவி தவமலர் சொல்லிவிட்டதாகப் போன மாதம் போனில் புலம்பினார். எங்கள் நூலகத்தில் பழைய ஜெர்மன் புத்தகங்களைக் கழிக்கப்போவது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கடைசித் தொகுதியைக் கேட்டு வாங்கினேன். வழியில் தொலைந்தால் என்ன செய்வது என்று அவரிடம் மூச்சுவிடவில்லை.

மெட்ரோ கட்டணம் 3.75 டாலர். ஸ்னோடனில் ஒருமுறை, லியோனல்-குரூவில் ஒருமுறை வண்டி மாறி ஆங்ரிஞோனில் இறங்கிப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்தப் பதிப்பகத்தின் கதைதான் மனதில். ஒரு புத்தக வியாபாரி தொடங்கியது. தவணை தவணையாகப் பணம் கட்டும் வாசகர்களுக்குத் தொகுதி தொகுதியாக அனுப்பி வளர்ந்தது. போரில் குண்டு விழுந்தது, பிறகு ஊரே கிழக்கு ஜெர்மனிக்குள் போய்விட்டது. குடும்பம் மேற்கே வந்து முதல் எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தது. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் மேஸ்திரி முதல் நாள் இதைச் சொல்வாராம். ஊர் விட்டு ஊர் வந்த கம்பனி என்பதால் சிவநேசனுக்கு அதன்மேல் தனிப் பாசம். இணையம் வந்தபின் அது கைமாறி, அச்சிடுவதும் நின்றுபோனது. அந்தச் செய்தியை வாசித்த அன்று டாக்சியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

10.50. பஸ்ஸிலிருந்து இறங்கினால் லாசால் நடைபாதையெங்கும் மெத்தைகள், கால் போன நாற்காலிகள், ஒரு மீன் தொட்டி. பத்தொன்பது தடிப் புத்தகங்களை அவற்றின் பக்கத்தில் வைத்து நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

கதவைத் திறந்த தவமலர், "வாங்கோ அக்கா, வாங்கோ" என்றார். நான் புத்தகத்தை வெளியே எடுத்ததும் சிவநேசன் இரண்டு கையாலும் வாங்கி, முதுகைத் தடவி, முதல் பக்கத்தைத் திறந்தார். பத்தொன்பதாம் தொகுதியின் கடைசிப் பக்கத்தையும் திறந்தார். அவர் முகம் மாறியது.

"அக்கா, இது முந்தின பதிப்பு. எங்கட பத்தொன்பது முடியிற இடமும் இது துவங்கிற இடமும் பொருந்தேல்ல. நடுவில கன சொல்லு இல்லை."

பதிப்பகத்தின் பெயரையும் முதுகிலிருந்த எண்ணையும் பார்த்த நான், எத்தனையாவது பதிப்பு என்று பார்க்கவில்லை. நூலகத்துக்கு வந்த மாணவர்களுக்கு முதல் நாளிலேயே நான் சொல்லிக்கொடுத்த விஷயம் அது.

"தப்பு என்னோடதுங்க" என்றேன்.

"சீச்சீ, நீங்கள் என்ன செய்வியள்" என்றவர், சொன்ன சொல் தவறாத மனிதராக அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கத் தொடங்கினார். "கதைச்சது கதைச்சதுதான். கீழ கொண்டுபோய் வைக்கிறன்."

"இஞ்சருங்கோ" என்றார் தவமலர். "நடுவில இல்லாத சொல்லை எப்பவாவது தேடினனீங்களோ?"

"இல்லை."

"இதில ஒரு பக்கமாவது வாசிச்சனீங்களோ?"

"வாசிக்கவோ? நான் கட்டினனான்."

"நான் கேட்டது இருபது. எண்ணிப் பாருங்கோ, இருபது கிடக்கு. எல்லாத்தையும் திரும்ப மேல வையுங்கோ."

அவர் உண்மையாகவே ஒருமுறை எண்ணினார். பிறகு சிரித்த சிரிப்பில் எனக்கும் உயிர் வந்தது. புதிய விருந்தாளி மற்றவற்றைவிட ஒரு விரல் உயரமாக வரிசையின் ஓரத்தில் நின்றது.

இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு 1.15க்குக் கிளம்பத் தயாரானேன். காரை முன்னால் கொண்டுவர அவர் கீழே போனார். கை கழுவச் சமையலறைக்குப் போனபோது கதவுக்குப் பின்னால் நான்கு காலி அட்டைப்பெட்டிகளைப் பார்த்தேன். அடியில் இரட்டை டேப் ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் தவமலரின் கையெழுத்து, 'புது வீடு' என்று, அதன் கீழே எண்கள்: 1–5, 6–10, 11–15, 16–19.

நான் பார்த்ததைத் தவமலர் பார்த்துவிட்டார். மேசையிலிருந்த மார்க்கரை எடுத்துக் குனிந்து, கடைசிப் பெட்டியில் 19ஐ அடித்து 20 என்று எழுதினார்.

"அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா" என்றார்.

மெட்ரோ வரை காரில் கொண்டுவந்து விட்ட சிவநேசன் வழி முழுக்க அந்தப் பழைய பதிப்பின் தையலைப் புகழ்ந்துகொண்டே வந்தார். நான் சொல்லவில்லை.