நாலு மணி நேரத்துப் பயணம்

டிராவல்ஸில் டிக்கெட் போடும் அக்காவுக்குத் தெருவில் ‘நூலக்கா’ என்றுதான் பெயர். அவள் மேசையில் ஓர் உலக உருண்டை, பக்கத்தில் ஒரு நூல்கண்டு. யார் டிக்கெட் எடுத்தாலும் சரி, ஏறும் ஊரிலிருந்து இறங்கும் ஊர் வரை உருண்டை மேல் நூலை இழுத்துப் பிடித்துக் காட்டாமல் அனுப்ப மாட்டாள். “இது டிராவல்ஸா, தையல் கடையா?” என்று முதலாளி கிண்டலடிப்பார். அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே! தான் போகிற தூரம் இன்னதென்று தெரியாமல் ஒருவரும் விமானம் ஏறக் கூடாது என்பதில் அப்படி ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கே ஒரு கும்பிடு போடலாம்.

ஒருநாள் எதிர்க்கடைத் தையல்காரம்மா போனை நீட்டிக்கொண்டு வந்தார். வெளிநாட்டு மகன் அவனே டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். அதைத் தாளில் எடுத்துத் தர வேண்டும், அவ்வளவுதான்.

“காலைல பத்து மணிக்கு ஏறினா மத்தியானம் ரெண்டு மணிக்கு இறங்கிடலாமாம். நாலே மணி நேரம்! டாக்டர் அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஒரே இடத்துல உட்காரக் கூடாதுன்னாரே, அதுக்குள்ள போயிடலாம்” என்றார் பூரிப்போடு. போன வருஷம்தான் காலில் ரத்தம் உறைந்து, பிழைத்ததே பெரும்பாடாகியிருந்தது.

நூலக்கா டிக்கெட்டை இன்னொரு தடவை படித்தாள். பத்து என்பது இந்த ஊர் மணி, இரண்டு என்பது அந்த ஊர் மணி. நடுவே பறப்பது பதினாலு மணி நேரம். சொன்னால் பயணம் நின்றுவிடும். மகனைப் பார்த்தே ஆறு வருஷம் ஆகிறது. சொல்லாவிட்டால் அந்தக் கால் என்னாவது? பேசாமல் தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம், அவள் போட்ட டிக்கெட்டா என்ன?

அவள் நூலை எடுத்தாள். உருண்டையின் இந்தப் பக்கம் தொடங்கிய நூல் அந்தப் பக்கம் போய்த்தான் நின்றது. தையல்காரம்மா அளவெடுத்தே வாழ்ந்தவர்.

“ஏம்மா, இது நாலு மணி நேரத் தூரமா?”

“இல்லம்மா. பதினாலு.”

“அப்ப நான் போகல” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நூலக்கா மகனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் அவன் வெடித்தான். “உங்கள யாரு கேட்டா? தெரிஞ்சா அம்மா வர மாட்டாங்கன்னுதானே சொல்லாம விட்டேன்!”

“அம்மா வரட்டும் தம்பி. ஆனா நல்லபடியா வந்து சேரணும்ல?”

சாப்பாட்டையும் மறந்து அன்று முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் பறக்கும் பயணத்தை நான்காக வெட்டினாள். எந்தத் துண்டும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே காலை நீட்டிப் படுக்க விமான நிலையத்துக்குள்ளேயே ஓர் அறை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழிதான். தையல்காரம்மாவை அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினாள். அவர் சரி என்றார்.

“இப்ப தைரியமா ஏறுவேன். எவ்வளவு தூரம்னு தெரிஞ்சுபோச்சுல்ல” என்றார் தையல்காரம்மா.

அம்மா கிளம்பிய நாலாம் நாள் மகன் கூப்பிட்டான்.

“அக்கா, நான் வீல்சேரோட வாசல்ல நின்னேன். அம்மா அதுல பையை வெச்சுட்டு, ‘தள்ளிட்டு வாடா’ன்னு முன்னாடி நடந்து போறாங்க. என்னால எட்டிப் பிடிக்க முடியல.”