வெங்காய வேரும் வேலிக்கிழங்கும்

கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். செய்முறைத் தேர்வில் பொய் எழுதிய மாணவியரை ஒருபோதும் மன்னித்ததில்லை; அந்தக் கண்டிப்புக்காகவே என்னை மதித்தவர்கள் உண்டு. ஆகவே, பின்வருவதை எழுத இத்தனை காலம் ஆயிற்று.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் தங்கை கோயம்புத்தூரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வரும்போது கல்லூரியின் நுண்ணோக்கியை இரவல் வாங்கி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு செல் இரண்டாகப் பிரிவதைப் படிப்படியாக வரைந்து தம் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். ஆராய்ச்சிக்கு இருந்தது ஒரே இடம். அது கிடைக்காவிட்டால், உடுமலைப்பேட்டை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தை மாதமே சம்மதம் சொல்லிவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார்.

சன்னலோரம் ஆறு புட்டிகளில் தண்ணீர். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம். வேர் இறங்கியதும் காலையில் நுனியை நறுக்கி, சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டுகளுக்கிடையே நசுக்கிப் பார்ப்பார்.

"ஏம்மா, மண்ணுல நட்டா காயாச்சும் வரும். நீ வேர வெட்டி வெட்டி என்னத்தக் கண்ட?" என்பார் அப்பா.

"அதத்தானுங்ண்ணா பாத்துக்கிட்டிருக்கறேன்."

அத்தை எனக்கும் காட்டினார். ஒரு செல்லின் நடுவே நூல்கள் வரிசையாக நின்றன. இன்னொன்றில் அவை இரு பக்கமும் விலகியிருந்தன. முன்காலத்தில், செல்லுக்குள் இருக்கும் திரவம் கற்கண்டுபோல உறைந்துதான் புதுச் செல் உண்டாகிறது என்று பெரிய அறிஞர்களே நம்பினார்களாம். பின்னர் ஜெர்மனியில் ஒருவர் நீர்ப்பல்லிக் குஞ்சுகளின் செல்களுக்குச் சாயமேற்றி இந்த நூல்களைக் கண்டார். சாயமேறியவை செத்த செல்கள், அசையாதவை. எது முன், எது பின் என்பதை அவரே யோசித்து அடுக்க வேண்டியிருந்தது.

"கற்கண்டுன்னு நம்புனவுங்கெல்லாம் நெனச்சத வரஞ்சப்பத்தான் தப்பாப் போச்சு கண்ணு. பாத்தத மட்டும் வரையோணும்" என்றார் அத்தை.

எல்லாப் படிகளையும் பார்த்த பிறகே வரைவதென்று இருந்தார். அவர் கல்லூரி திரும்ப நான்கு நாள் இருக்கையில், புட்டித் தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டேன். வேரை அவை தின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. எருமைக்குப் பேன் பிடித்தால், வேலியில் படர்ந்த கண்வலிக்கொடியின் கிழங்கை அரைத்துப் பூசுவார் எங்கள் பண்ணையாள். அது கடும் விஷம். தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா எச்சரித்திருந்தார். யாரும் பார்க்காதபோது ஒரு துண்டை நசுக்கி, ஆறு புட்டிகளிலும் சாறு விட்டேன். உதவி செய்துவிட்ட பெருமிதத்தோடு கையைச் சாம்பலிட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

இரண்டு நாளில் வேர்நுனிகள் தீக்குச்சித் தலைபோலப் பருத்தன. நுண்ணோக்கியில் குனிந்த அத்தை வெகுநேரம் நிமிரவில்லை. நூல்கள் குட்டையாகி, கொட்டிவிட்ட அவல்போலத் தாறுமாறாகக் கிடந்தனவாம். வரிசையுமில்லை, விலகலுமில்லை. சில செல்களில் நூல்கள் இரட்டித்திருந்தும் செல் பிரியவேயில்லை. சாயத்தை மாற்றினார், கண்ணாடியை மாற்றினார், கிணற்று நீரை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. வேறு வெங்காயம் வைத்து வேர்விடக் காத்திருக்க நாளுமில்லை. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இது பிரியற மாதிரியே தெரியலியே" என்றார்.

அத்தை என்னைக் கூப்பிட்டார். "ஏம்புள்ள, இதுல ஏதாச்சும் ஊத்துனியா?"

அடுப்படியில் அம்மா நின்றிருந்தார்.

"இல்லீங்கத்த."

"அப்ப என் கண்ணுலதான் ஏதோ கோளாறு" என்றார்.

ஆயினும், கண்டதைக் கண்டபடியே வரைந்தார். கண்ணாடித் துண்டுகளில் நசுக்கி வைத்த வேர்நுனிகள் கல்லூரி போய்ச் சேருமுன் காய்ந்து பாழாயின. படங்கள் மட்டுமே மிஞ்சின. பேராசிரியர் அவற்றின் ஓரத்தில் சிவப்பு மையால், "கற்பனை வேண்டா, பார்த்ததை வரைக" என்று எழுதினார். இடம் வேறொருவருக்குப் போயிற்று. தை மாதம் எங்கள் வீட்டில் பந்தல் போட்டார்கள். எனக்குப் புதுப் பாவாடை கிடைத்தது.

பத்தாண்டுகளுக்குப் பின், கல்லூரி வகுப்பில் ஆசிரியை ஒரு படம் காட்டினார். செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தும் மருந்து ஒன்றுண்டு. நம் வேலியில் பூக்கும் கண்வலிக்கொடியிலும் அது இருக்கிறது என்றார். அது அத்தையின் படமே! கொட்டிய அவல், ஒன்றும் பிசகவில்லை. அன்று மாலையே உடுமலைப்பேட்டைக்குப் பேருந்து ஏறியிருக்கலாம். ஏறவில்லை. உண்மை பேசும் பெண் என்று அத்தை தம் புகுந்த வீட்டாரிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார்; அந்தப் பெயரை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தை போய்ச் சேர்ந்த பிறகு, சொல்வதற்கு ஆளுமில்லை.

நான் ஊற்றவில்லை என்று பொய் சொன்ன அந்தப் பகலில், அத்தை சேலைத் தலைப்பால் நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு தம் கண்களைத் துடைத்தார், மறுபடி கண்ணாடியை. தூசி விழுந்திருக்கிறது என்றே நான் எண்ணினேன். தம் கண்ணையும் என் சொல்லையும் எதிரெதிரே நிறுத்தி, என் சொல்லையே அவர் நம்பினார் என்பது எட்டு வயதுக்கு விளங்கவில்லை.