முன் வாசல், பின் வாசல், ஒரு பாம்புக்கடி

முதல் நாள்

ஆம்புலன்ஸ் டிரைவராகச் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி, வண்டியைத் தள்ளுவது. காரைக்குடியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அறுபதுகளின் நடுவில் அங்கே இருந்தது, ராணுவம் வேண்டாமென்று கழித்துக்கட்டிய ஒரு பழைய வேன். வெள்ளை பெயிண்ட் அடித்து, பக்கத்துக்கு ஒரு சிவப்புச் சிலுவை வரைந்து, நெற்றியில் ஒரு பித்தளை மணியை மாட்டியிருந்தார்கள். சைரன் கிடையாது. அட்டெண்டர் சேவுகன் என் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும். செல்ஃப் எடுக்காது, ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். ரிவர்ஸ் கியர் உண்டு. அதற்கு இஷ்டம் இருந்தால் விழும்.

நான் வியர்த்து நின்றதைப் பெரிய டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "ராமையா, வண்டிய ஓட்டுறது ஒண்ணும் பெரிசில்ல. ஆள அதுல ஏத்துறதுதான் பெரிசு" என்றார்.

ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. ஊருக்குள் எங்கள் வண்டிக்குச் சாவு வண்டி என்று பெயர். அரியக்குடியில் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்த ஒரு அம்மா, வண்டியைப் பார்த்ததும் எழுந்து, நடந்தே வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். "வைத்தியம் பலிச்சிருச்சுண்ணே, வாங்க போவோம்" என்றான் சேவுகன்.

கல்யாண வீடு

இது நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்து நடந்தது. ஆவணி மாதம், காலை பத்து மணி இருக்கும். கண்டரமாணிக்கம் தபாலாபீசிலிருந்து போன்.

"கல்யாண வீட்டுல சமையல் மாஸ்டரப் பாம்பு கடிச்சிருச்சு. வெறகு எடுக்கப்போன எடத்துல. நல்லபாம்பு. வண்டிய அனுப்புங்க."

"எந்த வீடு?"

"ஊருக்குள்ள வாங்க, கொட்டுச் சத்தம் கேக்கும்." வைத்துவிட்டார்.

கல்யாண வீட்டில் கார் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பூ வைத்து ஜோடித்து நின்றது. அதில் பாம்புக்கடி ஆளை ஏற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

கிளம்பும்போது டாக்டர் ஒன்றுதான் சொன்னார். "மருந்து இங்க ஐஸ்பெட்டியில இருக்கு. கண் இமை தொங்க ஆரம்பிச்சா அதிக நேரம் இல்ல. பேசிக்கிட்டு நிக்காத, தூக்கிட்டு வா."

அந்தப் பக்கத்து வீடுகளை அறியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முன் வாசல் ஒரு தெருவில் இருக்கும். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் பின் வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் சந்து கிடையாது, வரிசையாக ஒட்டிய வீடுகள். முன்னாலிருந்து பின்னால் போக வண்டி ஊருணியைச் சுற்றித்தான் வர வேண்டும்.

மணி அடித்துக்கொண்டு நேரே முன் வாசல் பந்தலில் போய் நின்றேன். பெண்ணின் அப்பா பட்டுக்கரை வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மணிய நிறுத்துங்கய்யா! முகூர்த்தக்கால் ஊண்டியிருக்கு, கண்ணு தெரியலயா? கல்யாண வாசல்ல கொண்டாந்து இத நிறுத்துறீகளே! பின்னாடி போங்க, அங்குட்டுத்தான் ஆளு கெடக்கு."

வேட்டிக்கரையின் அகலத்தைப் பார்த்து மரியாதை கொடுக்கிற வயது எனக்கு. சரிங்கய்யா என்று வண்டியைத் திருப்பினேன். ஊருணியைச் சுற்றிப் பின் வாசலுக்குப் போனால், விறகுக் குவியல் இருந்தது, வெங்காயம் உரிக்கிற பெண்கள் இருந்தார்கள், ஆள் இல்லை.

"மணிச்சத்தம் கேட்டுச்சுல்ல, ஆச்சி முன்னாடி தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாக" என்றாள் ஒருத்தி.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம். இறங்கி உள்ளே ஓடியிருக்க வேண்டும். டிரைவர் புத்தி, மறுபடியும் வண்டியைத் திருப்பினேன். முன் வாசலுக்கு வந்தால் பெண்ணின் அப்பா திருப்தியோடு நின்றார். "இங்குட்டுத் தூக்கிட்டு வந்தாங்க. நீங்க பின்னாடி போயிருக்கீகன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சேவுகனை உள்ளே அனுப்பினேன். போனவன் போனவன்தான். எஞ்சின் நின்றால் ஹேண்டில் போட வேண்டுமே என்று ஓடவிட்டபடியே நானும் உள்ளே ஓடினேன். வளவில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அதில் சேவுகன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கல்யாண வீட்டுக்குள் காக்கிச்சட்டையோடு வந்தாலும் விருந்தாளிதான். யாரோ தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார்கள்.

"எவ்வளவோ சொன்னேண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுப் பேசுங்கன்னுட்டாக" என்றான், வடையோடு.

பந்திக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் கயிற்றுக் கட்டிலோடு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்கள். கட்டிலில் சமையல் மாஸ்டர் பெரியண்ணன். நல்ல வாட்டசாட்டமான ஆள். முழங்காலுக்குக் கீழே துண்டு கட்டியிருந்தது. இமை இரண்டும் பாதி தொங்கிவிட்டது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"அடுப்புல பாலு..." என்றார். நாக்கு குழறியது.

அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. ஊருணியை இரண்டு தரம் சுற்றியதில் கால்மணி நேரம் போயிருந்தது. அது அந்த மனுஷனுடைய கால்மணி நேரம்.

"முன்னாடி தூக்குங்க!" என்று கத்தினேன். பெண்ணின் அப்பா முகப்பில் கையை விரித்துக்கொண்டு நின்றார். "அபசகுனம்யா! எம் மகளுக்கு இன்னைக்கு முகூர்த்தம்!"

பின்னாலிருந்து அவர் மனைவி வள்ளியம்மை ஆச்சி வந்தார். சத்தம் போடவில்லை.

"இந்த வீட்டுல வேல செஞ்சவன் நம்ம வாசல்லயே செத்தான்னா அதுதான் அபசகுனம். வழிய விடுங்க."

அவர் விலகினார். கட்டிலைப் பார்த்ததும் நாதஸ்வரக்காரர்கள் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார்கள். ஆச்சி அவர்களையும் விடவில்லை. "நீங்க ஏன் நிறுத்துறீக? வாசிங்க!"

ஆக, என் சர்வீசில் நாதஸ்வரம் தவிலோடு வண்டி ஏறிய ஒரே பேஷண்ட் பெரியண்ணன்தான். சேவுகன் எச்சில் கையோடு ஓடி வந்து தொற்றிக்கொண்டான். வழியெல்லாம் ஒரு கையால் மணி அடித்தான், மறு கையால் அவர் தாடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஊசியோடு உள்ளே போன டாக்டர் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. நான் வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போக வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் பெரியண்ணன் முழுசாகக் கண் திறந்தார். முதல் கேள்வி, "பால யாராச்சும் எறக்குனாகளா?"

இறக்கவில்லை. அடிப்பிடித்துவிட்டது. பாயசம் இல்லாமலே கல்யாணம் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

கற்றது

அதற்குப் பிறகு யார் போன் செய்தாலும் என் முதல் கேள்வி, "எந்த வாசல்?" என்ன வியாதி என்பதெல்லாம் அப்புறம்தான். "ஏன், சந்தனம் குங்குமத்தோட நிக்கணுமாக்கும்?" என்று பலர் திட்டியிருக்கிறார்கள். ஆத்தங்குடியில் ஒருவர், "எங்க வீட்டுக்கு இருக்கிறதே ஒரு வாசல்தான்யா" என்று கோபித்துக்கொண்டார். திட்டினாலும் பதில் சொன்னார்கள், ஆள் வந்து சேர்ந்தது. இந்த வேலையில் வேகம் முக்கியம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். நானும் அன்றைக்கு வேகமாகத்தான் போனேன், ஊருணியை இரண்டு சுற்று.

எழுபதுகளில் ஒருநாள் பெரியண்ணனைக் கடைத்தெருவில் பார்த்தேன். கொஞ்சம் நொண்டுவார். தொழில் ஓஹோவென்று நடந்தது. அவரைச் சமையலுக்குப் பேச வருகிறவர்கள் எத்தனை இலை, என்ன பட்சணம் என்று ஆரம்பிப்பார்களாம். இவர் கையைக் காட்டி நிறுத்திவிடுவாராம்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் வந்தா எந்த வாசல்? மொதல்ல அதச் சொல்லுங்க, அப்புறந்தான் அடுப்பு."